தஞ்சைப் படைக்கலமும் துருவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தஞ்சைக் கோட்டையின் கீழ்ப்புறத்தில் உள்ள பீரங்கிமேட்டுக்குச் சென்றிருந்தேன். முதல் நாள் இரவு பெய்த மழையில் மேடு முழுவதும் நனைந்திருந்தது. அங்கே கிடக்கும் இராசகோபால பீரங்கியை உள்ளங்கையால் தடவிப் பார்த்த மாணவன் ஒருவன் என்னை நோக்கி, "ஐயா, குறுவை அறுப்பு முடிந்து எங்கள் வீட்டு அரிவாளை இறவாரத்தில் செருகி வைத்தால் ஒரு மழைக்குள் சிவந்துவிடுகிறது. இது நானூறு ஆண்டு மழையில் நனைந்திருக்கிறது. இதை மட்டும் துரு ஏன் தின்னவில்லை?" என்று கேட்டான்.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், உலோகநூலில் தொடங்கித் தஞ்சை அரசின் முடிவு வரையில் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த விடையையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பீரங்கியைப் பார்ப்போம். இது இரகுநாத நாயக்கர் காலத்தது (1600–1634) என்று கருதப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 7.5 மீட்டர், எடை ஏறத்தாழ 22 டன். குழலின் உள்விட்டம் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது. இத்துணைப் பெரிய பொருளை அச்சில் உருக்கி வார்த்தார்கள் என்றே பார்ப்பவர் எண்ணுவர். உண்மை அதுவன்று. 43 நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழல் வடிவில் அடுக்கி, அவற்றின்மேல் 94 இரும்பு வளையங்களைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து இறுக்கி ஒட்டவைத்துச் செய்த பொருள் இது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர். பாலசுப்ரமணியம் முதலிய உலோகவியல் அறிஞர்கள் இதனை ஆராய்ந்து, 2004, 2005-ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பீரங்கி துருப்பிடிக்கவே இல்லை என்று ஊரில் சொல்வதுண்டு. அது சரியன்று. இதன் மேனியில் கரும்பழுப்பாகப் படிந்திருப்பதும் துருதான். ஆனால் துருவிலும் இருவகை உண்டு. ஒருவகை, செதிள் செதிளாகப் பெயர்ந்து உதிர்வது. அது உதிர உதிர உள்ளே இருக்கும் புதிய இரும்பு காற்றுக்கும் நீருக்கும் இரையாகும். மற்றொரு வகை, மெல்லிய படலமாக இரும்போடு ஒட்டிக்கொண்டு, மேலும் ஈரம் புகாமல் தடுப்பது. மரக்கரியிட்டு உருக்கிய நம் நாட்டுப் பழைய இரும்பில் கந்தகம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. அந்தப் பாஸ்பரசே இத்தகைய காவல் படலம் அமைவதற்குத் துணைசெய்கிறது என்பதைத் தில்லி இரும்புத் தூணை ஆராய்ந்தபோது பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். பீரங்கி திறந்த வெளியில் கிடப்பதும் ஒரு விதத்தில் நன்மையே. மழை அதனை நனைக்கிறது. பின்னர் வெயிலும் காற்றும் உலர்த்திவிடுகின்றன. இரும்புக்கு நனைவதைக் காட்டிலும் நெடுநேரம் ஈரத்தில் இருப்பதே பெருங்கேடு.

இந்த நுட்பத்தைத் துப்பாக்கி செய்தவர்களும் அறிந்திருந்தார்கள். பளபளக்கத் தேய்த்த குழல் விரைவில் துருப்பிடிக்கும்; அத்துருவைப் போக்கச் செங்கற்பொடியிட்டு மீண்டும் மீண்டும் தேய்த்தால் குழலே தேய்ந்து போகும். ஆகவே, அமிலமும் உப்பும் கலந்த நீரைக் குழலில் தடவி மெல்லிய துருவைத் தாமே வரவழைத்தார்கள். பின்னர்க் கொதிநீர் ஊற்றி, கம்பித் தூரிகையால் உதிரும் துருவை அகற்றினார்கள். இவ்வாறு பல முறை செய்தபின் பழுப்பு நிறப் படலம் ஒன்று நிலைத்து நிற்கும். அதன்மேல் எண்ணெயோ மெழுகோ பூசினார்கள். பகைவனில் ஒரு பகுதியைத் தன் படையில் சேர்த்துக்கொண்டு எஞ்சிய பகையை விலக்கும் அரசதந்திரத்துக்கு ஒப்பானது இது.

இதைக் கேட்டு, இரும்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 22 டன் இரும்பில் ஒரு நூலளவு தேய்ந்தாலும் பீரங்கி பீரங்கிதான். ஒரு துப்பாக்கியின் குழலோ மெல்லியது. விசையும் வில்லும் அதனினும் நுண்ணியவை. அவற்றில் ஒரு நூலளவு போனால் கருவியே போயிற்று. மேலும், தஞ்சை காவிரிப் பாய்ச்சலின் நாடு. வயலில் நீர், வாய்க்காலில் நீர், ஐப்பசி கார்த்திகையில் காற்றிலும் நீர். காற்றின் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதத்தைக் கடந்தால் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். கீழைக் கரையோரத்தில் கடல் உப்பும் சேர்ந்துகொள்கிறது. துப்பாக்கியை வைத்துக் காப்பதற்கு இதைவிடக் கடினமான நாடு அரிது.

இதற்கு மேல், துப்பாக்கிக்கு உள்ளேயே ஒரு பகை உண்டு. பழைய கருமருந்து ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்தது. அது வெடித்தால் முழுவதும் புகையாகிப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் உப்புகளாகவும் கசடாகவும் எஞ்சுகிறது. அவ்வுப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்ளும். சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் வைப்பது, ஈரத்தைக் குழலுக்குள் அடைத்து வைப்பதற்குச் சமம்.

இதனை நான் நூலில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கண்டேன். என் பாட்டனாரிடம் லைசென்ஸ் பெற்ற பழைய மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் பறவைகளை ஓட்ட வெறும் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிப்பார். மழைக்காலம் நெருங்கியதும் ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து, முதலில் மருந்து உள்ளே இல்லையென்று கம்பியை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்வார். பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, அதனுள் கொதிக்கும் நீரை ஊற்றுவார். நான் திடுக்கிட்டு, "தாத்தா, தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காதா?" என்றேன்.

"உப்பைக் கரைக்க எண்ணெயால் ஆகாதடா தம்பி. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். தண்ணீரைப் போக்கச் சூடு வேண்டும். எண்ணெய் கடைசியில்தான்" என்றார்.

கொதிநீர் பட்ட குழல் சுடச்சுட இருப்பதால் விரைவில் உலர்ந்துவிடும். கம்பியின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை உள்ளே துடைப்பார். அதன் பிறகே உள்ளும் புறமும் தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவுவார். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்கேறி விசையை இறுக்கிவிடும் என்று அதனை விலக்குவார். எண்ணெயிட்ட பின் குழலை வெறுங்கையால் தொட விடமாட்டார். கையின் வியர்வையிலும் உப்பு உண்டல்லவா?

ஓர் ஆண்டு அவர் நோயுற்றுப் படுத்துவிட்டார். வீட்டில் இருந்தவர்கள் நல்லெண்ணத்தோடு துப்பாக்கியை அப்படியே அதன் தோலுறையில் இட்டு, பத்தாயத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்கள். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதை எவரும் நினைக்கவில்லை. தைப் பொங்கலுக்குப் பிறகு உறையை அவிழ்த்தபோது, குழலில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருந்தன. பாட்டனார் அதனைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்தத் துப்பாக்கி அதன்பின் வெடிக்கவே இல்லை. ஒரே ஒரு மழைக்காலம் ஒரே ஒரு மனிதரின் கை ஓய்ந்திருந்ததன் விளைவு அது.

ஒரு வீட்டுத் துப்பாக்கியின் கதை இதுவானால், ஓர் அரசின் படைக்கலக் கொட்டிலின் கதை எப்படி இருக்கும்?

1676-ஆம் ஆண்டில் ஏகோஜி தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். மராட்டியர் வழக்கில் நவராத்திரியின் ஒன்பதாம் நாளைக் கண்டே நவமி என்பர். அன்று படைக்கலங்களைத் துடைத்து எடுத்துவைத்து வழிபடுவர். நம் ஆயுத பூசையும் அந்நாளே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் இத்திருநாள் வருவதைக் கவனியுங்கள். மழைக்கு முன் ஆயுதம் ஒவ்வொன்றும் ஒரு மனிதனின் கைக்கும் கண்ணுக்கும் வந்து போக வேண்டும் என்ற நியதி அதனால் தானே அமைந்துவிடுகிறது.

1799-இல் இரண்டாம் சரபோஜி நாட்டின் ஆட்சியைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்து, கோட்டையையும் நகரையும் மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1855-இல் அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்ததும், கம்பெனியார் அரசையும் அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினர். அரசி காமாட்சிபாய் வழக்குத் தொடுத்தார். இலண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல். நீதிமன்றம் இதில் தலையிட இயலாது என்று 1859-இல் தீர்ப்பளித்தது.

அரசு போயிற்று, அதனோடு படைக்கலங்களைக் காத்துவந்த பணியும் போயிற்று. 1860-ஆம் ஆண்டுகளில் தஞ்சை ஆயுதக் குவியலிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். எஞ்சிய பெருந்தொகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த வால்ஹவுஸ் என்பவர் 1878-இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' என்னும் இதழில் இந்தப் படைக்கலங்களைப் பற்றி எழுதியதனால், இழந்தது இன்னதென்று ஓரளவு அறிகிறோம். பீரங்கி தப்பியது. எளிதில் தூக்கவோ உடைக்கவோ முடியாத அதன் பேருருவமும் அதற்குக் காவலாயிற்று என்றே எண்ணுகிறேன்.

சென்னைக்குச் சென்றவற்றின் கதை வேறு. அங்கே வாளும் கட்டாரியும் அங்குசமும் இன்றும் உள்ளன. ஐரோப்பாவில் அடித்த அலகுக்குத் தஞ்சைக் கொல்லர் பிடியமைத்த கட்டாரிகளும் அவ்வகையில் உண்டு. 1851-இல் தோன்றிய அந்த அருங்காட்சியகத்தில் 1930-இல் இரசாயனப் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. அதன் பொறுப்பேற்ற எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் தூய்மைசெய்தார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் தொழில்நுட்பத்தையும் ஆராய்ந்தார். பாட்டனாரின் கைக்குப் பதிலாக விஞ்ஞானியின் கை வந்தது. ஆயினும் முறை பழையதே: முதலில் உப்பை நீக்கு, பிறகு ஈரத்தை நீக்கு, பிறகு படலம் ஒன்றால் மூடு. இரும்புப் பொருள்மேல் இக்காலத்தில் டானிக் அமிலம் தடவுவதும் உண்டு. அது துருவோடு கூடிக் கருமையான காவல் படலமாகிறது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் கூட்டி எழுதுமை காய்ச்சினார்களே, அதே இரசாயனம்தான் இது.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு விடை கூறலாம். பழைய கொல்லரின் இரும்பும், தஞ்சை வெயிலும், தன் பருமனும் பீரங்கியைக் காத்தன. அத்தகைய நற்பேறு ஆயிரத்தில் ஒரு பொருளுக்கே வாய்க்கும். மற்றவை அனைத்தும், வாளாயினும் அரிவாளாயினும், ஓலைச்சுவடியாயினும் கல்வெட்டாயினும், ஆண்டுதோறும் ஒருவர் எடுத்துப் பார்த்துத் துடைத்து வைத்தால்தான் பிழைக்கும். அரசர்கள் செய்வித்த பொருள்களைச் சரித்திரம் எழுதி வைக்கிறது. அவற்றைத் துடைத்து வைத்தவர்களின் பெயரை அது பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாதிருந்தால் எழுதுவதற்கே பொருள் எஞ்சியிராது.

மேட்டிலிருந்து இறங்கும்போது அந்த மாணவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தான். மறுவாரம் வகுப்பில் என்னிடம், "ஐயா, எங்கள் வீட்டு அரிவாளுக்கு எண்ணெய் தடவிவிட்டேன்" என்றான். "கழுவித் துடைத்த பிறகுதானே?" என்று கேட்டேன். ஆமென்று தலையசைத்தான். அன்றைய சரித்திர பாடம் அவனுக்கு முழுவதும் விளங்கிவிட்டது என்று அறிந்துகொண்டேன்.