ஃபேண்டசி பேஸ்பால்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர்களை நண்பர்களோ வீட்டாரோ தங்களுக்குள் ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணிகளாகச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் மெய்யான மைதானத்தில் ஆடிய கணக்கை வைத்தே வெற்றி தோல்வியைத் தீர்க்கும் ஆட்டம். ஓர் அணிக்கு 162 பந்தயங்கள் என ஆறு மாதம் நீளும் பருவம் முழுவதும் இது நடக்கும். இதன் வரலாற்றைப் புள்ளிவிவரத்தின் வளர்ச்சியாகவோ கணினியின் வளர்ச்சியாகவோ சொல்வதே வழக்கம். ஆனால் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால், ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு வட்டங்களே இதை உருவாக்கிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்திருக்கின்றன என்பது தெளிவாகும்.

எண்கள் மட்டுமே போதுமென்றால் இந்த ஆட்டம் நூறாண்டு முன்னதாகவே பிறந்திருக்க வேண்டும். பந்தயக் கணக்கைக் கட்டம்போட்டு அச்சிடும் முறையைப் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே செம்மைப்படுத்திவிட்டார். பிறந்ததோ 1960இல். சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் அப்போது ஹார்வர்டில் இருந்தார். சக ஊழியர்களையும் நண்பர்களையும் சேர்த்து 'பேஸ்பால் செமினார்' என்ற பெயரில் ஓர் ஏலம் நடத்தினார். ஆளுக்குப் 10 டாலர் கட்டினால், ஆட்டக்காரர்களை வாங்கக் கற்பனைப் பணமாக 1,00,000 டாலர். கேம்சன் பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆட்டமும் அவரோடு போனது. அங்கே அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர் ராபர்ட் ஸ்க்லார். அவரிடமிருந்து இதைக் கேள்விப்பட்ட மாணவர் டேனியல் ஓக்ரென்ட். ஆசிரியர், சக ஊழியர், மாணவர் என்று வாய்வழியாகவே இது இருபதாண்டு உயிரோடிருந்தது. அக்காலத்தில் இதைச் சொல்லித்தர ஒரு விதிநூல்கூடக் கடைகளில் இல்லை.

1979இன் இறுதியில் டெக்சஸுக்குச் செல்லும் விமானத்தில் ஓக்ரென்ட் புது விதிகளை எழுதினார். பதிப்பகங்களிலும் பத்திரிகைகளிலும் வேலைபார்த்த நண்பர்கள் 1980இல் நியூயார்க்கில் அவருடன் சேர்ந்தனர். அவர்கள் கூடிச் சாப்பிட்ட 'லா ரோட்டிசரி ஃப்ரான்சேஸ்' உணவகத்தின் பெயரையே லீக்குக்கு வைத்தார்கள். வென்றவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றுவது வழக்கமானது. 1981 கோடையில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எழுத ஆட்டமில்லாத செய்தியாளர்கள் பலர் இந்த லீக்கைப் பற்றி எழுதினர். 1984இல் விதிகள் புத்தகமாகவே வந்தன. அதன்பின் அலுவலகம்தோறும் குடும்பந்தோறும் லீக்குகள் முளைத்தன.

அன்று நிலைபெற்ற விதிப்படி ஓர் அணிக்கு 23 ஆட்டக்காரர்கள். செலவழிக்க 260 டாலர். அடிப்பவர்களுக்கு நான்கு, எறிபவர்களுக்கு நான்கு என எட்டுக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் பத்து அணிகளை வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 10 புள்ளி, கடைசிக்கு 1 புள்ளி தருவார்கள். இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். என் அணி 200 ஹோம் ரன் அடித்ததென்றால் அதற்குத் தனியே மதிப்பில்லை; மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மற்ற ஒன்பது பேர் எத்தனை எடுத்தார்கள் என்பதே அதன் விலை. அவர்கள் ஆட்டக்காரர்களை எடுத்த, மேஜர் லீக்கின் ஒரு பிரிவான அன்றைய நேஷனல் லீக்கில் 12 அணிகள், அணிக்கு 25 பேர், மொத்தம் 300 பேர். அவர்களில் 230 பேரைப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்டால் நல்ல ஆட்டக்காரர் எவரும் மிஞ்சமாட்டார். பருவத்தின் நடுவே அணியைச் சரிசெய்ய ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதே பெரிய வழி. எதிரிலிருப்பவர் எந்த ஊர் அணியை நேசிப்பவர், எதற்கு மசிவார், எதற்கு முறைப்பார் என்று தெரிந்தால்தான் அந்தப் பேரம் படியும். அண்ணன் தம்பிகளும் பழைய அறைத்தோழர்களும் இதில் திறம்பட ஆடுவதற்குக் காரணம் அந்தப் பழக்கமே.

தனியாகவும் ஆடலாமே என்று கேட்கலாம். எழுத்தாளர் ஜாக் கெரோவாக் சிறுவயது முதல் தாமே படைத்த அணிகளை வைத்துத் தனியாக ஆடினார். 1961இல் வந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற அட்டை விளையாட்டையும் பகடை உருட்டித் தனியாக ஆட முடியும். ஆனால் அவற்றில் ஏலமும் பேரமும் கட்டாயமில்லை. முடிவைத் தருவது பகடை அல்லது கற்பனை; அன்றன்று மைதானத்தில் நடப்பது அல்ல. அவை இதன் உறவுகள், இதுவல்ல.

இன்னும் வலுவான மறுப்பு இணையத்திலிருந்து வருகிறது. முன்பின் தெரியாதவர்களே இன்று லட்சக்கணக்கில் ஆடுகிறார்கள். ஃபேன்டூயல் நிறுவனம் 2009இலும் டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனம் 2012இலும் தொடங்கியபின், ஒரே இரவில் முடியும் தினசரிப் பணப்போட்டிகள் பெருகின. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் போட்டிகளில் எது நீங்கியது என்று பாருங்கள். ஒரே ஆட்டக்காரரை ஆயிரம் பேர் வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஏலம் போயிற்று. ஏலம் போனதும் பேரம் போயிற்று, பருவமும் போயிற்று. அந்நியர்களுக்குத் திறந்துவிட இந்த ஆட்டத்தின் முக்கிய உறுப்புகள் அத்தனையையும் கழற்ற வேண்டியிருந்தது என்பதே என் வாதத்துக்குப் பெரிய ஆதாரம். சட்டமும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டது. 2015 நவம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் தினசரிப் போட்டிகளைச் சூதாட்டம் என்று நிறுத்தச் சொன்னபோது, பருவம் முழுதும் ஆடும் பழைய லீக்குகளை அதிலிருந்து பிரித்தே பேசினார். மறு ஆண்டே மாநிலம் சட்டமியற்றித் தினசரிப் போட்டிகளுக்கும் அனுமதி தந்தது. அவற்றை நடத்தும் உரிமையைத்தான் அச்சட்டம் மாற்றியது. அவற்றின் தன்மை மாறவில்லை.