மீஸான் கல்லும் மதச்சார்பற்ற அரசும்

நம்மில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் வீட்டார் முதலில் கேட்பது, அடக்கம் எப்போது என்பதுதான். எங்கே என்று நாம் கேட்பதில்லை. சுவா சூ காங்கில் அரசு நிலம் ஒதுக்கியிருக்கிறது. அதில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதி உண்டு. மையித்தைக் கிப்லா நோக்கிக் கிடத்துகிறோம். மீஸான் நட்டு துஆ ஓதித் திரும்புகிறோம். நிலம் தந்த அரசோ எந்த மதத்தையும் சாராதது. இந்த ஏற்பாடு நமக்குப் பழகிவிட்டது. ஆனால் எல்லா நாட்டிலும் இது எளிதாக அமைந்துவிடவில்லை என்பதற்குப் பிரான்ஸ் நாட்டு வரலாறு நல்ல சான்று.

நெப்போலியன் காலத்தில், 1804இல் வந்த ஆணை, பல சமயத்தார் வாழும் ஊரில் ஒவ்வொரு சமயத்துக்கும் தனி இடுகாடு வேண்டும் என்றது. இடம் ஒன்றே என்றால் சுவரோ வேலியோ அகழியோ வைத்துப் பிரிக்கவேண்டும். பாரிஸின் புகழ்பெற்ற பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 1857இல் முஸ்லிம்களுக்கு ஒரு பகுதி அமைந்ததும் இந்த முறையின் கீழ்தான்.

ஆனால் இந்த முறையில் ஒரு கொடுமை இருந்தது. தற்கொலை செய்துகொண்டவர், ஞானஸ்நானம் பெறாத குழந்தை, நம்பிக்கையற்றவர் ஆகியோரைத் திருச்சபையின் சொல்லுக்கேற்ப ஒரு மூலையில் ஒதுக்கிப் புதைத்தார்கள். இறந்தபின்னும் இந்த இழிவா என்று குடியரசுவாதிகள் கேட்டார்கள். 1881 நவம்பர் 14ஆம் நாள் சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கியது. இடுகாடு ஊர்ப் பொதுவாயிற்று. அதன் பொறுப்பு மேயரிடம் வந்தது.

அடுத்து வந்தது, திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905 டிசம்பர் 9ஆம் நாள் சட்டம். அதன் 28ஆம் பிரிவு, பொது இடங்களில் இனி மதச் சின்னங்களை எழுப்பக்கூடாது என்று தடுத்தது. ஆயினும் வழிபாட்டிடங்களுக்கும், இடுகாட்டில் உள்ள அடக்க நிலங்களுக்கும், கல்லறைச் சின்னங்களுக்கும் விலக்கு அளித்தது. இடுகாட்டின் பொதுப்பகுதி யாருடைய மதத்தையும் காட்டக்கூடாது. ஒருவருடைய கபரின்மேல் அவருடைய நம்பிக்கை நிற்கலாம். சிலுவைக்கும் பிறைக்கும் தாவீதின் நட்சத்திரத்துக்கும் அங்கே ஒரே உரிமை.

முதல் உலகப்போர் முடிந்ததும் அரசே மீஸான் நடவேண்டியதாயிற்று. வெர்டன் போர்க்களத்தை அடுத்த தூமோனில், கிறிஸ்தவ வீரர்களுக்குச் சிலுவைகளும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து மடிந்த முஸ்லிம் வீரர்களுக்கு மக்காவை நோக்கிய நடுகற்களும் இன்றும் அரசின் பராமரிப்பில் நிற்கின்றன.

கல்லுக்கு உரிமை கிடைத்தது, நிலத்துக்குத்தான் சிக்கல். கிப்லா நோக்கி வரிசையாக அடக்க ஓர் ஒதுக்கிடம் வேண்டும். பிரிவினை கூடாது என்கிறது சட்டம். சுவரில்லாமல் ஒரே சமயத்தாரின் கபர்களை அருகருகே அமைக்கலாம் என்று 1975, 1991, 2008 ஆகிய ஆண்டுகளில் அமைச்சகச் சுற்றறிக்கைகள் மேயர்களுக்கு யோசனை கூறின. யோசனைதான், கட்டளையன்று. இடம் கிடைக்காத குடும்பங்கள் பல, மையித்தை விமானத்தில் தாயகத்துக்கு அனுப்பின. 2020இல் கொரோனாவால் அந்த வழியும் அடைபட்டபோது அவர்கள் பட்ட துயரம் பெரிது. 1905இல் ஜெர்மனியின் வசமிருந்ததால் இச்சட்டம் எட்டாத ஸ்திராஸ்பூர்க் நகரில் மட்டும், 2012இல் நகராட்சியே முஸ்லிம்களுக்கு ஒரு பொது மையவாடியைத் திறந்தது.

இதிலிருந்து நாம் அறிவது இரண்டு. இறந்தவரை மூலையில் ஒதுக்கும் அதிகாரம் எந்த மதத்தாரிடமும் இருக்கலாகாது. அதே வேளையில், எல்லோருக்கும் பொது என்று சொல்லி ஒருவருடைய அடக்க முறைக்கு இடமில்லாமல் செய்வதும் நடுநிலையாகாது.

நம் நாட்டிலும் நிலம் குறைவு. 1998 முதல் ஒரு கபருக்குப் பதினைந்து ஆண்டுகள்தான் தவணை. பிறகு தோண்டி எடுத்துச் சிறிய இடத்தில் மீண்டும் அடக்குகிறார்கள். பெற்றோரின் கபரை அப்படித் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். ஆயினும் அந்தத் தவணை எல்லாச் சமயத்தார்க்கும் ஒன்றே. எவ்வளவு காலம், எவ்வளவு இடம் என்பதை அரசு முடிவு செய்கிறது. எத்திசையில் கிடத்துவது, என்ன ஓதுவது என்பது நம்மிடமே இருக்கிறது.

இந்த ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கத்தினர் எத்தனையோ ஜனாஸாக்களைத் தோளில் சுமந்து சென்றிருக்கிறார்கள். அடுத்த தலைமுறையும் சுமந்து செல்லும். அப்போது அவர்கள் பக்கத்துப் பகுதியில் நிற்கும் சிலுவையையும் தங்கள் மீஸானைப் போலவே மதித்துக் கடந்து செல்லட்டும். நம் உரிமைக்கு அதுவே காவல்.