நிலவின் இருண்ட பக்கம்: ஓர் இசைத்தட்டின் கதை

"உங்கள் காலத்துப் பாட்டைப் பற்றி எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் இளையராஜாவைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். 1979 முதல் 1982 வரை விடுதியில் இருந்தவனுக்கு வேறென்ன பாட்டு? பல் தேய்க்கும்போதும் ராஜா, மெஸ்ஸில் சாப்பிடும்போதும் ராஜா. ஆனால் எங்கள் 30-ஆம் எண் அறையில் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அறைத் தோழனுக்கு அவனுடைய சிங்கப்பூர் மாமா ஒரு டேப்ரிக்கார்டரும் நாலைந்து கேசட்டும் கொடுத்திருந்தார். ஒரு கேசட்டின் மேல் பேனாவால் 'பிங்க் ஃப்ளாய்ட்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஒருநாள் ராத்திரி அதைப் போட்டான். முதலில் இதயம் துடிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் போனதும் பத்துப் பதினைந்து கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறின. வார்டன் ஓடி வந்துவிட்டார். "என்னடா இது, பாட்டா, கடிகாரக் கடையா?" என்றார்.

வார்டன் சொன்னது எவ்வளவு சரி என்று பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த ஓசைகளை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் நிஜமாகவே ஒரு பழங்காலக் கடிகாரக் கடையில்தான் பதிவு செய்திருந்தார்!

இசைத்தட்டின் பெயர் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. நிலவின் இருண்ட பக்கம். 1973 மார்ச்சில் வெளியானது.

அதன் கதையும் ஒரு கல்லூரியில்தான் தொடங்குகிறது. லண்டன் ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்க வந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் மூவரும் அங்கேதான் சந்தித்தார்கள். வாட்டர்ஸின் ஊரான கேம்பிரிட்ஜிலிருந்து ஓவியம் படிக்க வந்த சிட் பாரெட்டும் அவர்களோடு சேர்ந்தார். குழுவுக்குப் பெயர் வைத்தவர் அவர். 1967-இல் வந்த முதல் இசைத்தட்டின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. பார்க்க அழகன், பேச்சில் குறும்பன். நம்ம செட்டிலும் அப்படி ஒருத்தன் இருப்பானே, அவனைப் போல.

அந்த வருடத்துக்குள்ளேயே அவருடைய மனம் நிலைகுலைந்தது. போதைப் பொருளும் சேர்ந்துகொண்டது. மேடையில் கிட்டாரைத் தொடாமல் வெறித்து நிற்பார். கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மரைத் துணைக்குச் சேர்த்துப் பார்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒருநாள், சவுத்தாம்ப்டனில் கச்சேரி. வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். வேண்டாமே என்று வண்டிக்குள் முடிவாயிற்று. வண்டி அவர் வீட்டுப் பக்கம் போகாமலே போய்விட்டது. அவ்வளவுதான். சண்டையில்லை, விடைபெறுதலும் இல்லை.

1971 கடைசியில் மேசன் வீட்டுச் சமையலறையில் நால்வரும் உட்கார்ந்து அடுத்த இசைத்தட்டைப் பற்றிப் பேசினார்கள். மனிதனைப் பைத்தியமாக்குவது எது? ஓடுகிற காலம், பணம், சாவு பயம், போர்... இவற்றையே ஒரே கோவையாகப் பாடுவது என்று வாட்டர்ஸ் யோசனை சொன்னார். பாடல் வரிகள் முழுக்க அவருடையவை. கடைசியில் வருகிற மனப்பிறழ்வுப் பாட்டுக்குப் பின்னால் சிட் பாரெட் நிற்கிறார். தமிழில் மதி என்றால் நிலவு, மதி என்றால் அறிவும்கூட. ஆங்கிலத்தில் 'லூனடிக்' என்ற சொல்லே நிலவிலிருந்து பிறந்ததுதான். தலைப்பின் பொருள் நமக்கு விளங்க அகராதி வேண்டாம்.

பதிவாவதற்கு முன்பே, 1972 பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் முழுக் கோவையையும் வாசித்துக் காட்டினார்கள். இசைத்தட்டு கைக்கு வருமுன் ஒரு வருடம் ரசிகர்கள் அதை மேடையில் கேட்டுவிட்டார்கள். பதிவு நடந்தது ஆபி ரோடு ஸ்டுடியோவில். பணத்தைப் பற்றிய பாட்டில் காசு குலுங்குகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒவ்வொரு ஓசையையும் நாடாவில் பதிந்து, அளவுகோல் வைத்து வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுற்றவிட்டார்கள். தாளம் ஏழு எண்ணிக்கை. நம்மூர் மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவனுக்கு அது அந்நியமாகப் படாது.

சாவைப் பற்றிய பாட்டில் பாடப்படும் வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. கிளேர் டோரி என்ற இளம் பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, மனசுக்குத் தோன்றியதைப் பாடு என்றார்கள். அழுகையும் ஆலாபனையுமாகக் கொட்டிவிட்டு, 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். தன் குரலைச் சேர்க்க மாட்டார்கள் என்றே நினைத்திருந்தார். கடையில் இசைத்தட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 2004-இல் வழக்குப் போட்டு, 2005-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இணை ஆசிரியர் என்ற உரிமையைப் பெற்றார்.

பாட்டுகளுக்கு நடுவே வரும் பேச்சுக்குரல்கள் யாருடையவை? வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டையில் எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம் நீட்டினார். சாவுக்குப் பயமா? கடைசியாக யாரை அடித்தாய்? பக்கத்தில் பதிவுக்கு வந்திருந்த பீட்டில்ஸ் புகழ் பால் மெக்கார்ட்னிகூடப் பதில் சொன்னார். அதைச் சேர்க்கவில்லை. சேர்த்தது ஸ்டுடியோ வாயிற்காவலர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் பேசியதை! இதயத்துடிப்போடு இசைத்தட்டு முடியும்போது நாம் கேட்பது அவருடைய குரல்தான்.

பத்திரிகைக்காரர்களுக்காக லண்டன் கோளரங்கில் நடந்த அறிமுக விழாவுக்கு ரைட் தவிர மற்ற மூவரும் வரவில்லை. அவர்களுடைய அட்டை உருவங்கள்தான் நின்றன. முகப்பட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம், அதைத் துளைத்து வெளிவரும் வண்ணக் கற்றை, அவ்வளவே. அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். பிரிட்டனில் இரண்டாம் இடம்தான். ஆனால் அமெரிக்காவின் முதல் 200 பட்டியலில் 1973 முதல் 1988 வரை 700 வாரங்களுக்கு மேல் இருந்தது! உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது.

விளம்பரம் இதைச் செய்திருக்க முடியாது. கேட்டவன் இன்னொருத்தனை உட்காரவைத்து, விளக்கை அணைத்துக் கேட்கவைத்தான். 30-ஆம் எண் அறையில் நடந்ததும் அதுதான். பத்தொன்பது வயசில் எனக்குப் பிடித்தது சத்தம். நாற்பதில் காலத்தைப் பற்றிய பாட்டு உறுத்தியது. சிட் பாரெட் கதையைப் படித்த அன்றோ எனக்குத் தூக்கமே வரவில்லை.

காரணம் உண்டு. 1981 தீபாவளி விடுமுறை முடிந்து வந்த என் அறைத் தோழன் தூங்குவதை நிறுத்திவிட்டான். தனக்குத் தானே பேசினான். மெஸ்ஸில் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், நானும் சிரித்தேன். கடைசியில் அவன் அப்பா வந்து, டிரங்குப் பெட்டியோடு அழைத்துப் போனார். கேசட் என்னிடமே தங்கிவிட்டது. முகவரி இருந்தும் நான் ஒரு கார்டு போடவில்லை. எங்கள் வண்டியும் அவன் வீட்டுப் பக்கம் போகாமலே போய்விட்டது.

1975 ஜூனில், பிங்க் ஃப்ளாய்ட் அடுத்த இசைத்தட்டைப் பதிந்துகொண்டிருந்தபோது, பருத்த உடம்போடு, தலையும் புருவமும் மழித்த ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். சிட் பாரெட்! பழைய நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும் அழுதார்கள். அவர் 2006-இல் கேம்பிரிட்ஜில் காலமானார்.

அந்த அழுகை எனக்கும் வரவேண்டாம் என்று 2019-இல் அவன் ஊருக்குப் போனேன். அண்ணன் மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "கேசட் எங்கடா?" நாடா பூஞ்சை பிடித்துப் போயிற்று என்றேன். "மாத்திரை சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன்" என்றான். செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். கடிகாரங்கள் அலறின. சாமான் வாங்க வந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நிறுத்துடா, வார்டன் வரப் போறாரு!"

இந்தச் சந்திப்புக்கு அவனையும் அழைத்திருக்கிறேன். வருவானா தெரியாது. நண்பர்களே, உங்கள் செட் பட்டியலில் விட்டுப்போன பெயர் இருந்தால் ஒரு போன் போடுங்கள். இன்று விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அறையில் யாராவது தூங்காமல் இருந்தால், சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.