போளூர் மலையும் வடிவொத்த முக்கோணங்களும்

வடிவொத்த முக்கோணங்கள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மரத்தின் நிழல் கணக்குதான். 1 மீட்டர் குச்சியின் நிழல் அரை மீட்டர், மரத்தின் நிழல் 6 மீட்டர் என்றால் மரத்தின் உயரம் 12 மீட்டர். சமதரையில் இது சரி. கொடைக்கானல் மேல்மலையில் உள்ள போளூரில் இதைச் செய்து பார்த்தால் விடை தவறக்கூடும். சரிவில் விழும் நிழல் நீண்டோ குறுகியோ போய்விடும். எதிர்மலை கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடுவில் பள்ளம். சங்கிலி பிடித்தும் அளக்க முடியாது. பிறகு மலைகளை எப்படி அளந்தார்கள்?

இரண்டு முக்கோணங்களில் கோணங்கள் சமமாக இருந்தால் பக்கங்கள் ஒரே விகிதத்தில் இருக்கும். அதனால் ஒரு பக்கத்தையும் கோணங்களையும் அளந்தால் போதும், மற்ற பக்கங்களைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அந்த முதல் பக்கத்தை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். 100 அடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைக்க வேண்டும். வெயிலில் இரும்பு நீளும் என்பதால் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? விகிதம் பிழையையும் சேர்த்தே பெருக்கும். முதல் பக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால், 100 கிலோமீட்டரில் 100 மீட்டர் தவறிவிடும். ஆகவே 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, முக்கோணங்கள் தந்த விடையோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சில அங்குலங்களே!

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே அதைச் சரிசெய்தார்.

பழனி மலைக்கு 1821இல் நில அளவைக்காக வந்தவர் லெப்டினன்ட் வார்டு. வெள்ளகவி கிராமத்திலிருந்து மேலேறிக் கொடைக்கானல் பகுதியை அடைந்தார். சங்கிலி எட்டாத மலைநாட்டில் கண்ணுக்குத் தெரியும் சிகரங்களே அளவைக்காரர்களுக்கு முக்கோண முனைகள். பின்னாளில் எவரெஸ்டின் உயரமும் யாரும் அதில் ஏறுவதற்கு முன்பே, தொலைவிலிருந்து அளந்த கோணங்களால்தான் தெரியவந்தது.

கருவியைச் சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் போளூரில் நின்று எதிர்மலையைப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. பள்ளத்தில் இறங்காமலே அக்கரையின் தூரத்தைச் சொல்ல முடியும். அதற்கு நம் பக்கத்தில் ஒரு கோட்டை மட்டும் பிழையில்லாமல் அளந்திருக்க வேண்டும்.