இராமானுஜனுக்காகக் கடிதம் எழுதியவர்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கேட்டு விண்ணப்பிக்கிறாராம். பாரங்களையெல்லாம் நிரப்பியாயிற்று. பரிந்துரைக் கடிதம் யாரிடம் பெறுவது, அதில் என்ன எழுதச் சொல்வது என்பதே சிக்கல். தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கடிதம் அங்கே எடுபடாது என்று சொல்லி, அவருடைய விரிவுரையாளர்களையே அணுகுமாறு கூறி அனுப்பினேன். அவர்கள் சென்ற பின் அலமாரியிலிருந்து சீனிவாச இராமானுஜனின் வரலாற்றை எடுத்து மறுபடியும் படித்தேன். அவருடைய கணிதம் எனக்கு விளங்காது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. நான் தேடியது அவருக்காகப் பிறர் எழுதிய கடிதங்களை.

இராமானுஜன் கதையை நாம் மாணவர்களுக்குச் சொல்லும் விதத்தில் ஒரு குறை உண்டு. ஏழை எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் போட்டார், அவர் உடனே அழைத்துக்கொண்டார் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். அந்தக் கடிதம் 1913 ஜனவரி 16ஆம் நாளிடப்பட்டது. அவர் சென்னையில் கப்பலேறியது 1914 மார்ச் 17. இடையில் பதினான்கு மாதங்கள். அதற்கு முன்பும் பல ஆண்டுகள்.

முதலில் அவர் இழந்த உபகாரச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான பரிசு பெற்று வெளிவந்தவர், உபகாரச் சம்பளத்துடன் அதே ஊரின் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை நின்றது. தாயார் கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடமே சென்று, என் மகனுக்கு நிகராகக் கணிதத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று வாதாடினாராம். முதல்வர் பணிவாகவே பதிலிறுத்தார். ஆனால் விதி விதிதான் என்றார். (நம் பள்ளி அலுவலகத்திற்கு வந்து குரலை உயர்த்தும் தாய்மார்களை நினைத்துக்கொண்டேன். எல்லாரும் தவறாகச் சொல்வதில்லை.) 1905இல் பையன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1906இலும் 1907இலும் எப். ஏ. தேர்வில் தோல்வி. கணிதத்தில் குறையில்லை, உடலியலும் மற்றப் பாடங்களும் கவிழ்த்துவிட்டன. இருபது வயதில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை.

1910இல் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். இராமானுஜன் கேட்டது ஓர் எழுத்தர் வேலை. கொடுப்பது அவருக்கு எளிது. அவரோ நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வருவாய்த்துறையின் அடிமட்டப் பணி ஒன்றைக் கொடுத்து இந்த அறிவை நசுக்க மனம் வரவில்லை என்று மறுத்துவிட்டார். மறுத்ததோடு நிற்காமல், கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் நடத்தி அப்பொழுது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த பி. வி. சேஷு ஐயரிடம் அனுப்பி வைத்தார். சேஷு ஐயர் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். அவர் சந்தேகப்பட்டார், மறுபடியும் மறுபடியும் சந்தித்த பின்னரே நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, சோற்றுக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட ஓய்வு வேண்டும் என்றார் இளைஞர். மாதந்தோறும் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து அனுப்பினார் ராமச்சந்திர ராவ். ஏறத்தாழ ஓராண்டு இது நடந்தது. தொடர்ந்து பிறர் பணத்தில் வாழ இராமானுஜனுக்கே மனம் ஒப்பவில்லை.

சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு அவர் விண்ணப்பித்தது 1912 பிப்ரவரி 9. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரை அதனுடன் இணைந்திருந்தது. இவ்விளைஞர் கணிதத்தில் மிகவும் அசாதாரணமான ஆற்றலுடையவர் என்பதே அதன் சாரம். நெடிய புகழுரை எதுவுமில்லை. மார்ச் 1ஆம் நாள் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் பணியமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ஓர் அலுவலகத்தில் மேலதிகாரி, அவருக்கும் மேலதிகாரி இருவருமே ஒரு கடைநிலை எழுத்தரின் நோட்டுப் புத்தகத்தில் அக்கறை காட்டியது நல்வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இனி, கைகொடுக்காத கடிதங்கள். சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 நவம்பரில் இலண்டனில் இருந்த தம் பழைய ஆசிரியர் ஹில் என்பாருக்கு எழுதினார். ஹில் பொறுப்பாகவே விடையளித்தார். இளைஞருக்குக் கணிதச் சுவை இருக்கிறது. ஆனால் விரிதொடர்களில் உள்ள படுகுழிகளில் விழுந்திருக்கிறார். இன்ன நூலைப் படிக்கட்டும் என்றார். தாமே மாணவராக ஏற்பதாகச் சொல்லவில்லை. ஹில் கூறியதில் பொய்யில்லை. படித்த எந்தக் கணித ஆசிரியரும் அன்று அதைத்தான் சொல்லியிருப்பார். இராமானுஜன் விடையை எழுதினார், வழியை எழுதவில்லை. வழிமுறை காட்டாத விடைக்கு நாமும் முழுப்புள்ளி கொடுப்பதில்லையே! கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் ஆகிய இரு பேராசிரியர்களுக்கும் எழுதினார்; பயனில்லை. மூன்றாவதாகத்தான் ஹார்டி. அவர் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அந்தத் தாள்களைப் படித்து, 1913 பிப்ரவரி 8ஆம் நாள் விடை எழுதினார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இலண்டன் இந்தியா அலுவலகத்தில் 1909 முதல் இந்திய மாணவர்களுக்கென ஒரு துறை இருந்தது. கல்வி ஆலோசகராக அலிகாரிலும் இலாகூரிலும் கற்பித்த தாமஸ் ஆர்னால்டு அமர்த்தப்பட்டார். இந்தியாவின் மாகாணங்களில் ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. எந்தப் பல்கலைக்கழகம், என்ன செலவாகும், எங்கே தங்குவது என்று சொல்லி அனுப்புவது அவற்றின் வேலை. தம்மைக் கண்காணிக்கவே இவை ஏற்பட்டன என்று மாணவர்கள் பலர் ஐயுற்றதும் உண்டு. அரசியல் கொந்தளிப்பு மிகுந்த அக்காலத்தில் அந்த ஐயம் முற்றிலும் தவறன்று. ஹார்டி இந்த அலுவலகத்தை நாடினார். அங்கிருந்து சென்னைக் குழுவின் செயலாளர் ஆர்தர் டேவிஸுக்குச் செய்தி வந்தது. டேவிஸ் இராமானுஜனை வரவழைத்து, இங்கிலாந்துக்குப் போக விருப்பமா என்று கேட்டார். இராமானுஜன் வாய் திறக்குமுன் உடன் வந்திருந்த நாராயண ஐயர் இயலாது என்று சொல்லிவிட்டதாகக் கூறப்படுகிறது. கடல் கடந்தால் சாதியாசாரம் கெடும் என்ற காலம் அது. ஆலோசனைக் குழுவின் கோப்பு அத்துடன் மூடப்பட்டிருக்கலாம். மாணவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாயிற்று, விடையும் கிடைத்தாயிற்று!

நல்லவேளையாக மற்றொரு வழி திறந்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றவர். 1913 பிப்ரவரி 25ஆம் நாள் சென்னைக்கு வந்த அவரிடம் ஸ்பிரிங் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். இந்தத் துறையில் தாம் தேர்ந்தவர் அல்லர் என்பதை உணர்ந்திருந்தும், மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார்: இவருக்குச் சில ஆண்டுகள் வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் செய்தால் போதும். மார்ச் 19இல் கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது. ஏப்ரல் 7இல் ஆட்சிக்குழுவில் எதிர்ப்பு எழுந்தது. ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கு உரியது, இவரோ எப். ஏ.கூடத் தேறாதவர். எதிர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது, விதி அப்படித்தான் இருந்தது. அப்பொழுது உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் எழுந்து, இப்பல்கலைக்கழகத்தை நிறுவிய சட்டத்தின் முகப்பிலேயே ஆய்வை வளர்ப்பது அதன் பணி என்று எழுதியிருக்கிறதே என்றார். மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. மும்மாதத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு.

கும்பகோணத்தில் விதி விதிதான் என்றவரும் விதியைத்தான் படித்தார். நீதிபதியும் விதியைத்தான் படித்தார். ஒருவர் நடுப்பக்கத்தைப் படித்தார், மற்றவர் முதல் பக்கத்தைப் படித்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரயாணம் இன்னும் மீதமிருந்தது. 1914 தொடக்கத்தில் ட்ரினிட்டி கல்லூரியின் இளம் கணிதர் நெவில் சொற்பொழிவாற்றச் சென்னைக்கு வந்தார். இராமானுஜனை எப்படியாவது அழைத்துவர வேண்டும் என்று ஹார்டி அவரிடம் சொல்லியனுப்பியிருந்தார். அவருக்கு வயது இருபத்தைந்து. ஆலோசகர் பட்டமெல்லாம் கிடையாது. பேசிப் பழகி நம்பிக்கை பெற்றபின் கேட்டார், இராமானுஜன் சம்மதித்தார். தாயாரின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி இசைவளித்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. அதன் பிறகும் இளைஞருக்குக் கவலைகள் இருந்தன. பணத்துக்கு என்ன செய்வது? ஆங்கிலம் சரளமாக வராதே? மரக்கறி உணவு கிடைக்குமா? அங்கேயும் தேர்வு எழுதச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. எழுதிய தேர்வுகள் அவரை எந்த அளவுக்கு அச்சுறுத்தியிருந்தால் அப்படிக் கேட்டிருப்பார்! நெவில் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். தேர்வு இல்லை என்றும் உறுதியளித்தார். சனவரி 28இல் பதிவாளர் டியூஸ்பரிக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். மறுநாள் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸ் எவ்வளவு தொகை வேண்டும் என்று கணக்கிட்டு எழுதினார். ஸ்பிரிங் ஆளுநரின் செயலாளருக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன், உடைக்கு 100 பவுன், கப்பல் கட்டணம் எல்லாம் ஒப்புதலாயின. அந்த 250 பவுனில் 50 பவுன் சென்னையில் குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டது.

ஏப்ரல் 14இல் இலண்டன் துறையில் நெவிலே எதிர்கொண்டார். முதல் சில நாள்கள் இந்திய மாணவர்களுக்கென இருந்த குரோம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்தில் தங்கல். பின்னர் கேம்பிரிட்ஜில் நெவில் வீடு. 1916இல் பட்டம், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு ட்ரினிட்டியின் பெல்லோ. இவை எல்லாரும் அறிந்தவை.

அறியாதது மற்றொன்று உண்டு. நெவிலின் நான்கு விடைகளில் மூன்று சரியாயின. உணவு பற்றிய விடைதான் பொய்த்தது. முதல் உலகப்போர் தொடங்கிக் காய்கறியும் அரிசியும் அரிதாயின. கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ண மனமில்லாமல் தம் அறையில் தாமே சமைத்தார். வேலை மும்முரத்தில் அதையும் நேரத்துக்குச் செய்யவில்லை.  1917இல் படுத்தவர் பிறகு முழுமையாக எழவில்லை. அன்று காசநோய் என்றார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றும் அதன் மூலம் இந்தியாவிலேயே வந்த சீதபேதியாக இருக்கலாம் என்றும் கூறுகிறது. எதுவாயினும், அனுப்பி வைத்தவர்கள் அனைவரும் அவருடைய கணிதத்தைப் பற்றி எழுதினார்கள். அவர் என்ன உண்பார், யார் வீட்டில் உண்பார் என்று எவரும் எழுதி ஏற்பாடு செய்யவில்லை. இன்றைய விண்ணப்பப் பாரங்களிலும் அதற்கு ஒரு கட்டம் இருப்பதாகத் தெரியவில்லை. பெற்றோர்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு கடிதம். இதை எழுதியவர் இராமானுஜனே. அவர் நாடு திரும்பியபின் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. 1919 ஜனவரி 11ஆம் நாள் இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபடி பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். இத்தொகை என் தேவைக்கு மிகுதி. பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, என் அவசியச் செலவும் கழிந்தபின் எஞ்சுவதைக் கல்விக்குச் செலவிடுங்கள். குறிப்பாக ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளில் புத்தகங்கள் வாங்கித் தரவும் பயன்படட்டும் என்பது அதன் கருத்து. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு.