மெட்டு ஏறின கால்களுக்கு ரோட்டுல இடம் எங்கே?

1/
"தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." சர்க்கரை நோயாளிகள் கிட்ட நான் அதிகம் சொல்ற வாக்கியம் இதுதான். பொட்டிபுரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மா திருப்பிக் கேட்டாங்க: "ரோட்டுல லாரி போகுது, ஓரத்துல முள்ளு கிடக்கு. எங்க டாக்டர் நடக்கிறது?"

எனக்குப் பதில் தெரியல. தேடிப் போனதுல கிடைச்சதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
போடிநாயக்கனூர்ல நின்னு மேற்கே பாருங்க. சுவர் மாதிரி நிக்கிற மலை, அதுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டம். இந்தச் சுவரை ஏறிக் கடக்கிற இடத்தைத்தான் நம்ம ஆளுங்க "மெட்டு"ன்னு சொல்றாங்க. போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு. இதெல்லாம் மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடியே கால்நடையா போய்வந்த வழிகள்.

3/
19-ஆம் நூற்றாண்டுல ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். ஆனா தோட்டத்துல வேலை செய்யப் போனவங்கள்ல பெரும்பகுதி இந்தப் பக்கத்துத் தமிழர்கள். அரிசியும் பருப்பும் மேலே போகும், ஏலக்காய் கீழே இறங்கும். தலைச்சுமை, பொதிமாடு, இல்லேன்னா கழுதை. அடிவாரத்துல இருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல ஏத்தம். அதை ஏறி முடிச்ச பிறகுதான் அன்னிக்கு வேலையே ஆரம்பிக்கும்.

4/
அடுத்து தேயிலை வந்தது. மூணாறு தோட்டத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகணும். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்குல ஒரே தண்டவாளத்துல ஓடுற மோனோரயில் போட்டாங்க. இழுத்தது மாடுகள்! 1908-ல் அதை எடுத்துட்டு சின்ன ரயில் பாதையா மாத்தினாங்க. அது மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரை வந்தது.

5/
டாப் ஸ்டேஷன்ல மலை செங்குத்தா இறங்குது, ரயில் அதுக்கு மேல போக முடியாது. அதனால அங்கிருந்து கீழே கோட்டகுடிக்கு சுமார் 5 கிலோமீட்டருக்கு ரோப்வே கட்டினாங்க. தேயிலைப் பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டே இறங்கும். கீழே இறங்கினதும் மாட்டு வண்டியில ஏத்தி போடிக்கு.

இன்னிக்கும் "டாப் ஸ்டேஷன்"ங்கிற பேரு இருக்கு. ஸ்டேஷனைத்தான் காணோம்.

6/
ஏன் காணோம்? 1924 ஜூலையில வந்த பெருவெள்ளம். கேரளாவுல "தொண்ணூற்று ஒன்பது வெள்ளம்"னு (கொல்லம் ஆண்டு 1099) இப்பவும் சொல்றாங்க. மலை ரயில் அடிச்சுட்டுப் போச்சு. திரும்பக் கட்டவே இல்ல.

7/
இதுல ஒண்ணைக் கவனிங்க. தேயிலைப் பெட்டிக்கு ரோப்வே கட்டினாங்க. அந்தத் தேயிலையைப் பறிச்சவங்க அதே சரிவுல நடந்துதான் ஏறி இறங்கினாங்க. பெட்டி எத்தனை, எடை எத்தனைன்னு கணக்கு இருந்தது. கால்களைக் கணக்குல சேர்க்கல.

8/
1928-ல் மதுரையில இருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்துல தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க, 1950-கள்ல திரும்பப் போட்டாங்க. 2010 கடைசியில அகலப்பாதைக்காக நிறுத்தினாங்க. 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15 போடி வரைக்கும் ரயில் திரும்ப வந்தது.

பன்னிரண்டு வருஷக் காத்திருப்புக்கு ஊரே சேர்ந்து குரல் கொடுத்தது. நல்ல விஷயம். அதே குரல் நடைபாதைக்கு எழும்பினதே இல்ல.

9/
ரோடும் வந்தது. கொச்சியையும் தொண்டியையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை 85 போடி வழியாத்தான் போகுது. போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவு. இப்ப தோட்ட வேலைக்குப் போறவங்க விடியக்காலையில ஜீப்ல போறாங்க. உள்ள எத்தனை பேர் நெருக்கி உக்காந்திருக்காங்கன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த ஜீப் கவிழ்ந்தா என்ன ஆகும்னு எங்களை மாதிரி டாக்டர்களுக்குத் தெரியும்.

10/
எல்லாரும் ஜீப்புக்கு மாறிடலைங்கிறதும் உண்மை. அகமலை பக்கத்து மலைக்கிராமங்கள்ல பிரசவ வலி வந்தாலும் நெஞ்சு வலி வந்தாலும் டோலி கட்டித்தான் கீழே தூக்கிட்டு வர்றாங்க. மாரடைப்புல ரத்தக்குழாய் அடைச்ச பிறகு ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். டோலி நடக்கிற வேகத்துல அந்த நிமிஷங்களை எண்ணிப் பாருங்க.

11/
வெளியூர்க்காரங்களுக்கு இந்த ஒத்தையடிப் பாதைகள் தெரிய வந்தது 2018 மார்ச் 11 அன்னிக்கு. குரங்கணி காட்டுத் தீ. மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டவங்களைப் பறிகொடுத்தோம். அதுக்கப்புறம் பாதைன்னாலே "டிரெக்கிங் அனுமதி"ன்னுதான் பேச்சு. மலைக்கிராமத்து ஆளுக்கு அதே பாதைதான் ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போற வழி. அதைப் பத்திப் பேச்சு வரல.

12/
பொட்டிபுரம்னா உங்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். அதுக்கான இயற்பியலை நான் பேச வரல. ஊர்க்காரங்க கேட்ட கேள்விகள்ல ஒண்ணு ரொம்ப எளிமையானது: "மாடு மேய்க்க மலைக்குப் போற வழி என்னாகும்?" கால் போற வழியும் ஒரு கட்டமைப்புதான்னு அந்தக் கேள்விக்குள்ள இருக்கு.

13/
இப்ப கொஞ்சம் மருத்துவம்.

1953-ல் ஜெரி மாரிஸ்ங்கிற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ஞ்சு லான்செட் இதழ்ல எழுதினார். ஒரே பஸ், ஒரே ஊர். நாள் முழுக்க உக்காந்தே இருந்த டிரைவர்களைவிட, இரட்டை அடுக்கு பஸ்ஸோட படிக்கட்டுல ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடலுழைப்பு இதயத்தைக் காக்குதுங்கிற நவீன ஆய்வுகள் எல்லாத்துக்கும் தொடக்கப் புள்ளி இதுதான்.

14/
2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவுல சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய்.

"அந்தக் காலத்துல எல்லாரும் நடந்தாங்க, நல்லா இருந்தாங்க"ன்னு நான் சொல்ல வரல. தலைச்சுமையோட மெட்டு ஏறினவங்களுக்கு முதுகு தேஞ்சது, மூட்டு தேஞ்சது, காய்ச்சல்லயும் செத்தாங்க. அந்தக் கஷ்டம் திரும்ப வேண்டாம். பயமில்லாம நடக்க ஒரு இடம்தான் வேணும்.

15/
இடமும் வாய்ப்பும் கொடுத்தா மக்கள் என்ன செய்வாங்க? புதுக்கோட்டையைப் பாருங்க. 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம். அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் கத்துக்கச் சொன்னார். சைக்கிள் வாங்க வங்கிக் கடன் ஏற்பாடு ஆச்சு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினாங்க பெண்கள். ஆயிரக்கணக்குல!

16/
பிறகு அரசே சைக்கிள் கொடுத்தது. 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்குத் தொடங்கி, சில வருஷத்துல அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல படிக்கிற பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லாருக்கும் இலவச சைக்கிள். பள்ளியை விட்டு நிக்காம எத்தனையோ பொண்ணுங்க படிச்சதுல இந்தச் சைக்கிளுக்கும் பங்கு உண்டு.

17/
ஆனா சைக்கிள் கொடுத்தாச்சு, சைக்கிள் போக வழி?

கிராமத்துல இருந்து போடிக்கு சைக்கிள்ல வர்ற பிள்ளை, ரோட்டோட விளிம்புல ஓட்டுது. பின்னாடி பஸ் ஹாரன் அடிச்சா மண்ணுல இறங்கணும். மழை பெஞ்சா அந்த மண்ணும் இல்ல. மூணு மாசத்துல வீட்டுல சொல்றாங்க: "வேணாம்ப்பா, பஸ்லயே போ."

18/
வீட்டுல பயப்படுறது தப்பில்ல. 2022-ல் இந்தியச் சாலைகள்ல 1,68,491 பேர் இறந்தாங்க. அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட சொந்தக் கணக்கு.

இன்னொண்ணு: வண்டி வேகம் ரெண்டு மடங்கானா மோதலோட சக்தி நாலு மடங்காகும். 30-ல் மோதினா எலும்பு முறிவோட பிழைக்க வாய்ப்பிருக்கிற ஒருத்தர், 60-ல் பிழைக்கிறது கஷ்டம்.

19/
"இதெல்லாம் வெளிநாட்டுல தான் நடக்கும்"னு சொல்றவங்களுக்கு: நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு இல்ல. 1971-ல் அங்க சாலை விபத்துல சுமார் 3,300 பேர் இறந்தாங்க, அதுல 400-க்கும் மேல குழந்தைங்க. "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு பெத்தவங்க தெருவுல இறங்கினாங்க. அப்புறமாத்தான் தனிப்பாதைகள் பெருகிச்சு.

20/
அவ்வளவு தூரம் எதுக்கு, சென்னையைப் பாருங்க. 2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னே ஒரு கொள்கை ஏத்துக்கிச்சு. போக்குவரத்துக் கட்டமைப்புப் பணத்துல குறைஞ்சது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும்னு சொன்ன கொள்கை. 2019 நவம்பர்ல பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தது. கொள்கை முழுசா நடைமுறைக்கு வந்துச்சான்னா, இல்ல. ஆனா முடியும்ங்கிறதுக்கு ஒரு தெரு சாட்சியா நிக்குது.

21/
போடி மாதிரி ஊருக்கு ஏன் வரல? ஒரு காரணம், கணக்கு. "வேலைக்கு எப்படிப் போறீங்க?"ன்னு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல கேட்டாங்க. ஆனா விவசாயிகள் கிட்டயும் விவசாயக் கூலிகள் கிட்டயும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்ல. அதிகமா நடக்கிறவங்களையே எண்ணலேன்னா திட்டத்துல எப்படி வருவாங்க? ரோப்வே காலத்துக் கதைதான் திரும்பவும்.

22/
விதி இல்லாம இல்ல. இந்திய சாலைக் காங்கிரஸோட 2012 வழிகாட்டுதல்படி (ஐஆர்சி 103) நடைபாதை தடையில்லாம குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் இருக்கணும். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. முட்டி வலிக்காரர் ஏறணும் இல்லையா!

2025 மே மாசம் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு: நல்ல நடைபாதை, வாழும் உரிமையில அடங்கும்னு.

23/
செலவு பெருசா ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம். இந்த அஞ்சையும் இணைக்கிற தெருக்கள்ல தொடர்ச்சியான நடைபாதை. தள்ளுவண்டிக்காரங்களை விரட்டாம, அவங்களுக்கும் தனி இடம். கிராமத்து ரோட்டை அகலப்படுத்தும்போதே ஓரத்துல சைக்கிளுக்குக் கெட்டியான தளம். பள்ளி வாசல்ல வேகத்தடை. மலைப்பாதைகள்ல டோலி தூக்குறவங்க கால் வழுக்காத படி.

24/
இதை எங்க கேட்கிறது? தமிழ்நாட்டுல வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போங்க. "ரோடு வேணும்"னு மட்டும் கேட்காதீங்க. "ரோட்டுல நடக்கிறவங்களுக்கு எத்தனை அடி?"ன்னு கேளுங்க. தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. நகராட்சியில இருக்கிறவங்க உங்க வார்டு கவுன்சிலர் கிட்ட இதையே கேளுங்க.

25/
அந்த அம்மா அடுத்த தடவை வந்தப்போ, பள்ளிக்கூட மைதானத்துல காலையில நாலு சுத்து நடக்கிறதா சொன்னாங்க. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. "லீவு நாள்ல கேட்டைப் பூட்டிடுறாங்க டாக்டர்"னாங்க.

மாத்திரையை நான் எழுதிக் கொடுத்துடலாம். அந்த 1.8 மீட்டரை எழுதிக் கொடுக்க வேண்டியது ஊராட்சியும் நகராட்சியும். கேட்க வேண்டியது நாம.

உங்க ஊர்ல நடக்க இடம் இருக்கா? கீழே எழுதுங்க.