பொய் முகவரியும் பள்ளிச் சேர்க்கையும்

தாம் வாழாத வீட்டைத் தம் வீடெனப் பதிவேட்டிற் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் பெறுதல் பல நாடுகளிலும் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதப்படுகிறது. இதனை எளிய ஏமாற்று என்று ஒதுக்கிவிடுவாரும் உளர். குற்றம் யாது என்று அறிய வேண்டுமாயின், வீட்டையும் பள்ளியையும் ஒரே கயிற்றாற் பிணைத்தவர் யார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்தில் ஆக்ரன் என்றொரு நகரம் உண்டு. அங்கு வாழ்ந்த ஏழைத் தாய் ஒருத்தி, 2006 முதல் 2008 வரை, தன் பெண்மக்கள் இருவரையும் பக்கத்து வட்டாரத்துப் பள்ளியிற் படிக்கவைத்தாள். அதற்கு அவள் காட்டிய முகவரி, அவ்வட்டாரத்தில் வாழ்ந்த தன் தந்தையின் முகவரி. பள்ளி வாரியம் துப்பறிவாளரை அமர்த்தி உண்மையைக் கண்டறிந்தது. ஏறக்குறைய 30,000 டாலர் கல்விக் கட்டணம் இழப்பு என்று கணக்கிட்டது. 2011 சனவரியில் அத்தாய் ஆவணங்களைத் திரித்த குற்றவாளியெனத் தீர்ப்பாகிச் சிறை சென்றாள். அவளோ பள்ளியொன்றில் ஆசிரியருக்கு உதவியாளராக இருந்து, தானும் ஆசிரியராக வேண்டிப் படித்துக்கொண்டிருந்தவள். பெருங்குற்றத் தீர்ப்பு நிலைத்திருப்பின் அவ்வாழ்வு அடைபட்டுப்போயிருக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் மாநில ஆளுநர் ஜான் கேசிக் அதனைச் சிறுகுற்றமாகக் குறைத்தார்.

அந்நாட்டுப் பள்ளிகளின் வருவாயிற் கணிசமான ஒரு பகுதி, அந்தந்த வட்டாரத்து வீடு நிலங்களின் மீது விதிக்கப்படும் வரியினின்று வருவதாகும். செல்வர் வாழும் ஊரில் பள்ளியும் செல்வமுடையதாகிறது. வறியவர் வாழும் ஊரில் அதுவும் வறியதாகிறது. எனவே அங்கே முகவரி என்பது வெறும் முகவரியன்று. அது செல்வத்தின் மறுபெயர். தமிழர் இவ்வழக்கைப் படிக்கும்போது வேறொன்றும் உறுத்தக் காண்பர். பாட்டன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ தங்கிப் படித்து ஆளானவர் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர்! பெயரனுக்குப் பாட்டன் வீடு பொய் வீடு என்னும் எண்ணமே தமிழ் வழக்கிற்கு அயலானது. அப்பெண்மக்கள் உண்மையில் எங்கு உறங்கினர் என்பதே அங்கு வழக்காயிற்று என்பது வேறு.

இங்கிலாந்திலும் இத்தகைய செய்தியுண்டு. 2008இல் பூல் நகர மன்றம், ஒரு குடும்பம் பள்ளி எல்லைக்குள் மெய்யாகவே வாழ்கிறதா என்று காண, மூன்று வார அளவு அவர்களை ஒளிந்திருந்து பின்தொடர்ந்தது. பெருங்குற்றவாளிகளையும் பயங்கரவாதிகளையும் கண்காணிக்கவென மக்கள் எண்ணியிருந்த சட்டம் அதற்குக் கருவியாயிற்று. அது முறையற்றதென 2010இல் தீர்ப்பாயம் கூறியது. அக்குடும்பமோ எல்லைக்குள்தான் வாழ்ந்தது! அண்டையிலுள்ள சிங்கப்பூரிலோ முதலாம் வகுப்புச் சேர்க்கையில் வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையேயுள்ள தொலைவு முன்னுரிமை தருகிறது. முகவரி காட்டி அம்முன்னுரிமை பெற்ற குடும்பம் 30 மாதம் அங்கேயே வாழ்தல் வேண்டும் என்பது விதி.

இவையெல்லாம் பிறர் கதை என்று எண்ணற்க. வீட்டையும் பள்ளியையும் பிணைக்கும் கயிறு கிள்ளான் வட்டாரத்தில் மிகப் பழையது. வேறெங்கினும் அது இத்துணை இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்ததா என்பதே ஐயம்.

1901இல் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பெற்றது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது இத்துறைமுகமே. தமிழகத்தினின்று கப்பலேறி வந்தோர் பலர் இவ்வழியே நுழைந்து, கிள்ளானையும் கோலசிலாங்கூரையும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிற் பரவினர். ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 வயது முதல் 14 வயது வரையுள்ள ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின், தோட்டத்தார் பள்ளி அமைக்க வேண்டுமென ஆணையிட வழிசெய்தது. நன்று என்றே முதலிற் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளை தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதே அதன் உரிமைக்கு அடிப்படை. லயம் தோட்டத்தாருடையது, பள்ளிக் கொட்டகையும் தோட்டத்தாருடையது, ஆசிரியருக்குச் சம்பளம் அளப்பவரும் அவரே. செக்ரோலிற் தந்தையின் பெயர் நீங்கினால் வீடும் நீங்கும், பள்ளியும் நீங்கும். ஆக்ரனில் தாய் தன் முகவரியை மாற்றிச் சொல்லவேனும் முடிந்தது. தோட்டத் தொழிலாளிக்கு மாற்றிச் சொல்லவும் ஒரு முகவரி இல்லை.

அப்பள்ளிகள் தந்ததும் சிறிதே. பெரும்பாலானவை நான்காம் வகுப்போடு நின்றன. பல இடங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கோ கட்டணமும் வேண்டும், போகவர வழியும் வேண்டும்.

இப்பிணைப்பை முதன்முதல் உரத்துக் கேள்வி கேட்டவர்கள் கிள்ளான் தொழிலாளரே. 1941 மார்ச்சு முதல் மே வரை நடந்த வேலைநிறுத்தத்தில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சார்ந்து நின்றோர் பல கோரிக்கைகளை முன்வைத்தனர். அவற்றுட் கூலி உயர்வையும், துரைக்கு எதிரே சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமையையும் பலரும் நினைவிற் கொண்டுள்ளனர். அவற்றோடு வேறிரண்டு கோரிக்கைகளும் இருந்தன: பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், உற்றாரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறை. உறவினர் நுழையவே இசைவு வேண்டிய இடத்தில், உறவினர் பிள்ளையைத் தங்கவைத்துப் படிக்கவைத்தல் எங்ஙனம் கூடும்? சங்கத் தலைவர் இரா. எச். நாதன் மே மாதம் பிடிக்கப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

போருக்குப்பின் கயிறு வேறு முறையில் அவிழ்ந்தது. 1950களில் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுக்குச் சற்று மேலாகச் சுருங்கியுள்ளன. பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற, லயத்து மக்கள் கலைந்தனர். பள்ளி மட்டும் சில இடங்களில் நின்றது. முன்னர்ப் பிள்ளை இருந்தும் உரிமையில்லை. பின்னர்ப் பள்ளி இருந்தும் பக்கத்திற் பிள்ளையில்லை.

இன்னுமொரு கணக்குத் தீரவில்லை. அரசாங்க நிலத்தில் நிற்கும் பள்ளி முழு உதவி பெறும். தனியார் நிலத்தில் நிற்பது பகுதி உதவியே பெறும். ஆசிரியர் சம்பளம் இரண்டிற்கும் அரசாங்கமே தருகிறது. கட்டடத்திற்கும் பராமரிப்பிற்கும்தான் வேற்றுமை. தோட்டத்தார் மண்ணிற் பிறந்ததனால் தமிழ்ப் பள்ளிகளிற் பாதிக்கு மேற்பட்டவை இரண்டாம் வகையிற் சேர்ந்தன. ஆக்ரனில் பிள்ளையின் முகவரி பார்த்துப் பள்ளி அளக்கப்பட்டது. இங்கே பள்ளியின் முகவரி பார்த்தே பள்ளி அளக்கப்பட்டது.

ஷா ஆலம் நகரில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்னும் சொல் அப்படியே உள்ளது. சுற்றிப் பார்த்தால் அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலையுமே. பால்மரம் ஒன்றையும் காணவில்லை. பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகின்றனர்.